தெரிந்துகொள்வோம்: காரின் ஏர் ஃபில்டர்

2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ஆனாலும் மூலக்கொத்தளம், ராயபுரம் பக்கம் லாரி கிளப்பும் தூசி நாம் அறிந்ததே. குழுக் கடனில் வாங்கிய வாடகைக் காரும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும். கிழிந்தால் தூசி உள்ளே போய் இன்ஜின் தேயும். மாதம் ஒருமுறை நாமே பார்க்கலாம்.

1. இன்ஜின் ஆறியதும் கிளிப்பைக் கழற்றி ஃபில்டரை எடுங்க.
2. பேப்பர் ஃபில்டரை மெதுவாகத் தட்டுங்க. தண்ணீரில் அலசக் கூடாது.
3. பெட்டியைத் துணியால் துடைங்க.
4. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. ஊடே வெளிச்சம் தெரியலையா, கிழிஞ்சிருக்கா? புதுசு மாத்துங்க.
5. ஃபில்டர் இல்லாமல் வண்டியை எடுக்காதீங்க.

ஃபில்டர் சில நூறு ரூபாய். இன்ஜின் வேலை பல ஆயிரம். வண்டி மெக்கானிக் ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்காது!