கடற்கரை வீட்டுக்கு வாடகை எவ்வளவு? முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போறீங்களா நானா? எங்கே தங்கப்போறீங்க?" வெளியூரில் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்குப் புறக்கோட்டையில் கொள்வனவு வேலை எப்போதும் இருக்கும். பிள்ளைகளுக்கோ கடல் பார்க்க ஆசை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கமாக நாள் வாடகைக்கு ஒரு தொடர்மாடி வீட்டை எடுக்கிறோம். ஹோட்டலில் இரண்டு மூன்று அறைகள் எடுப்பதைவிடச் செலவு குறைவு. சமையலறை இருக்கிறது. குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நல்ல யோசனைதான்.

ஆனால் முப்பது வருடமாகப் புடவைக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று விளங்குவதில்லை. ஒரு கட்டுத் துணி எடுக்கும்போது அகலம் எவ்வளவு, சாயம் போகுமா, லொறிக் கூலி யாருடையது, பழுது இருந்தால் திருப்பி எடுப்பீர்களா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். வீடு எடுக்கும்போது மட்டும் "நாளைக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு முற்பணத்தைப் போட்டுவிடுகிறோம். வாடகை என்பது விலையின் ஒரு பகுதி மட்டுமே. மீதிப் பகுதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

எப்போது போவது?

முதலில் கடலின் காலத்தை அறிய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுவதால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதி. கிழக்கில் இதற்கு நேர்மாறு. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் பிள்ளைகளைக் கடலில் குளிக்க வைக்கும் எண்ணத்தோடு கல்கிசைக்கு வருபவர் ஏமாறுவார். அந்த மாதத்தில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் பாசிக்குடாவோ நிலாவெளியோ பொருத்தம். கொழும்புக்கே வருவதானால், கடலைப் பார்க்க மாலையில் கரையில் நடப்பதும், பகலில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போவதும் என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடைகளின் காலம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் புறக்கோட்டையில் பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் அப்படித்தான். போயாவில் இறைச்சிக் கடையும் திறக்காது என்பதைச் சமையல் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக் கூடாது.

நமக்குச் சாதகமான ஒரு விடயமும் உண்டு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை விடுவதால், நமது தவணைகள் மற்றப் பாடசாலைகளின் தவணைகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. மற்றப் பாடசாலைகள் நடக்கும் வாரத்தில் நமக்கு விடுமுறை கிடைத்தால் அதுவே வாடகை பேசுவதற்கு ஏற்ற நேரம். கிராக்கி இல்லாத நாளில் விலை பேசலாம் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! வார இறுதியை விட்டுத் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவுகள் கேட்டுப் பாருங்கள்.

எந்த இடம்?

மூன்று ஊர்களும் காலி வீதியில் அடுத்தடுத்து இருந்தாலும் மூன்றும் ஒன்றல்ல. வெள்ளவத்தையில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. ஆனால் அங்கே கடலோரத்தில் ரயில் பாதையைக் காப்பதற்காகப் போட்ட பாறாங்கற்களே அதிகம். காற்று வாங்கலாம், குளிக்க ஏற்ற இடமல்ல. மணல் கரை வேண்டும் என்றால் கல்கிசைதான். தெஹிவளை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிவாசலும் ஹலால் சாப்பாடும் பக்கத்தில் கிடைக்கும்.

புறக்கோட்டைக்குப் போவதற்குக் காரை எடுக்காதீர்கள். கரையோர ரயிலில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தே கடைத் தெருவுக்குப் போய்விடலாம். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களும் புறக்கோட்டைக்கே போகின்றன. எனவே வீடு ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். "கடலுக்குக் கிட்ட" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது நடந்து போகும் கிட்டவா, ஆட்டோவில் போகும் கிட்டவா என்பதையும் கேளுங்கள்.

கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வருபவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழு பேர், நான்கு நாட்கள்.

முதல் வீடு: நாளுக்கு 15,000 ரூபா. மின்சாரம், துப்புரவு, வாகனத் தரிப்பிடம் எல்லாம் உள்ளடக்கம். கடலுக்கு ஐந்து நிமிட நடை. நான்கு நாளுக்கு 60,000 ரூபா.

இரண்டாவது வீடு: நாளுக்கு 11,000 ரூபா. நான்கு நாளுக்கு 44,000. பதினாறாயிரம் மிச்சம் என்று மனம் துள்ளும். கொஞ்சம் பொறுங்கள். துப்புரவுக் கட்டணம் 4,000. ஏசிக்கு மின்சாரம் தனி. சாதாரண அறை ஏசி ஒன்று மணித்தியாலத்துக்குச் சுமார் ஒரு யுனிட் எடுக்கும் என்று வைத்தால், இரண்டு அறைக்கு இரவில் 10 மணித்தியாலம், நான்கு இரவுக்கு 80 யுனிட். வீட்டுக்காரர் யுனிட்டுக்கு 75 ரூபா போட்டால் 6,000. வாகனத்தை வெளியில் நிறுத்த நாளுக்கு 500 வீதம் 2,000. கடலுக்குப் போக ஆட்டோ. ஏழு பேர் ஒரு ஆட்டோவில் ஏற முடியாது. இரண்டு ஆட்டோ, போக வர, ஒரு தடவைக்கு 400 ரூபா வீதம் நான்கு நாளுக்கு 6,400. எல்லாவற்றையும் கூட்டினால் 62,400 ரூபா.

குறைந்த வாடகை வீடு 2,400 ரூபா கூடுதலாக முடிகிறது. எப்போதும் இப்படித்தான் வரும் என்று நான் சொல்லவில்லை. கணக்கைப் போட்ட பிறகுதான் எது மலிவு என்று தெரியும் என்கிறேன்.

பில் வராத செலவு

சில செலவுகளுக்கு யாரும் பில் தருவதில்லை. அதனால் நாம் அவற்றை எழுதுவதும் இல்லை. என்னைக் கேட்டால் பெரிய செலவே அதுதான்.

சமையலறை உள்ள வீடு என்றால் காசு மிச்சம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். சமைப்பவர் யார்? ஊரில் மூன்று வேளை சமைத்த அதே மனைவி, அறியாத அடுப்பில், பழக்கமில்லாத சட்டியில், இங்கேயும் மூன்று வேளை சமைக்கிறார். எல்லோரும் கடலுக்குப் போகும்போது அவர் பகல் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் இருந்ததற்கும் இதற்கும் அவருக்கு என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஊர் திரும்பிய பிறகு உம்மா பிள்ளைகளிடம் சொன்னாராம்: "கடல் சத்தம் கேட்டிச்சு. கடலைத்தான் காணல்ல." இந்த வார்த்தையை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே என் யோசனை இது. காலைச் சாப்பாடும் தேநீரும் மட்டும் வீட்டில். பகலுக்கோ இரவுக்கோ ஒரு வேளையாவது வெளியில் எடுப்பது. அந்தச் செலவைப் போகும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அப்போது "வீணாகச் செலவழிகிறதே" என்ற முகச்சுளிப்பு வராது.

வயதான வாப்பா, உம்மா கூட வந்தால் எத்தனையாவது மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டை இயக்குமா என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லாவிட்டாலும் கேள்வியை விட வேண்டாம். முழங்கால் வலியோடு ஐந்து மாடி ஏறியவர் மறுபடி இறங்கமாட்டார். அவருக்கு நான்கு நாளும் அந்த வீட்டுச் சுவர்தான்.

மூன்றாவது, நம்முடைய நேரம். கொள்வனவையும் விடுமுறையையும் சேர்ப்பதில் பிழையில்லை. ஆனால் நான்கு நாளும் காலையில் புறக்கோட்டைக்குப் போய் இருட்டிய பின் வருவதானால் பிள்ளைகள் வாப்பாவோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. புறப்படும் முன்பே மொத்த வியாபாரிகளுக்குத் தொலைபேசி எடுத்து என்ன சரக்கு, எவ்வளவு என்று பேசிவிடுங்கள். முதல் இரண்டு காலைப் பொழுதுகளில் வேலையை முடித்து, சரக்கை லொறியில் ஊருக்கு ஏற்றிவிடுங்கள். அதன் பின் கைத்தொலைபேசியைக் கடைப் பொறுப்பாளரிடமிருந்து வரும் அவசர அழைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்பணம் கொடுக்கும் முன்

படத்தை நம்பி முற்பணம் போடுவது, மாதிரித் துண்டைப் பார்க்காமல் துணி எடுப்பதற்குச் சமம். யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டுக் காசு வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் உள்ள உறவினர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் வாசல் முதல் குளியலறை வரை காட்டச் சொல்லுங்கள்.

பேசியதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். எந்தத் திகதி எத்தனை மணிக்கு வருவது, எப்போது வெளியேறுவது, எத்தனை பேர், மொத்தத் தொகை, அதில் எது உள்ளடக்கம், எது தனி, பயணம் தடைப்பட்டால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும், பிணைப்பணம் எப்போது கைக்கு வரும். சமையல் பாத்திரம், காஸ் சிலிண்டர், குளிர்சாதனப் பெட்டி பற்றியும் கேளுங்கள். ஹலால் பேணிச் சமைக்கும் சமையலறையா என்று கேட்பதிலும் கூச்சம் தேவையில்லை.

நம் பக்கமும் நேர்மை வேண்டும். நமது ஊர் வியாபாரி ஒருவர் ஆறு பேர் என்று பேசி வீடு எடுத்து, இரவு பத்து மணிக்கு ஒன்பது பேரோடு போய் இறங்கினார். "ஆறு பேர் என்றுதானே சொன்னீங்க காக்கா?" என்றார் வீட்டுக்காரர். "சின்னப் பிள்ளைகளையும் எண்ணுவீங்களா தம்பி?" என்றார் இவர். பேச்சு வளர்ந்து, மேலதிகக் காசு கொடுத்து உள்ளே போகும்வரை அவருடைய வயதான உம்மா வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீரும் படுக்கையும் தலைக்கணக்கில்தான் செலவாகின்றன. எண்ணிக்கையை மறைப்பதும் அளவில் குறைப்பதும் வேறு வேறல்ல. அடையாள அட்டைப் பிரதி கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அறியாதவருக்குக் கடன் கொடுக்கும்போது நாமும் விபரம் கேட்கிறோமே!

கடலும் ரயிலும்

இந்தக் கரையில் பல இடங்களில் ரயில் பாதையைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். கடல் இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்காது. சிறுவர்களைக் கையைப் பிடித்தே கடக்க வையுங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க யாரையும் விட வேண்டாம். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலேயே குளியுங்கள். இழுப்பு நீரில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுப்பை விட்டு வெளியேற வேண்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வரும். களுபோவில அரசாங்க வைத்தியசாலை தெஹிவளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இவற்றைப் பெரிய பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வீடு கொடுப்பவர்களுக்கும்

நம் வாசகர்களில் இப்படி வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்புரவு, மின்சாரம் என்று கடைசி நாளில் காசு கேட்பதைவிட முதல் நாளே முழுத் தொகையைச் சொல்லுங்கள். ஏசி ஓர் அறைக்குத்தான் என்றால் ஓர் அறைக்குத்தான் என்று சொல்லுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் தொடர்மாடி வீடுகளையும் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள். ஒருமுறை வந்த குடும்பம் அடுத்த விடுமுறைக்கும் உங்களைத் தேடி வந்தால், விளம்பரத்துக்குச் செலவில்லை.

இந்த விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் காசு கொடுக்கும் செலவுகள். வலது பக்கம் மனைவியின் ஓய்வு, பெற்றோரின் முழங்கால், பிள்ளைகளோடு நீங்கள் இருக்கப்போகும் மணித்தியாலங்கள். இரண்டு பக்கத்தையும் நிரப்பிய பிறகு வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள். "நாளைக்கு எவ்வளவு?" என்ற கேள்வியைக் கடைசியாகக் கேட்கலாம்.