காது பழகாது

“முதல் சீசன்தான் சார் கஷ்டம். ரெண்டாவது சீசன்ல காது பழகிடும்.” அறுவடை மிஷின் ஓட்டுகிறவர்கள் இதைச் சொல்லச் சொல்ல எனக்குத்தான் கேட்டுப் பழகிவிட்டது. காவேரிப்பட்டணம் நெல் வயலிலும் இதே பேச்சு, தளிப் பக்கம் கேழ்வரகுக் களத்திலும் இதே பேச்சு. ஓட்டுநர் சொன்னால்கூடப் போகட்டும், வண்டி முதலாளியும் படித்த விவசாயியும் சேர்ந்து தலையாட்டுகிறார்கள்.

பழகவில்லை ஐயா, கேட்பது குறைந்துவிட்டது.

நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினால் காது அடைத்தாற்போல இருக்கும், ‘ஙொய்’ என்று இரையும். தூங்கி எழுந்தால் விட்டுவிடும். இந்தக் காலை நிம்மதிதான் ஆளைக் கெடுக்கிறது. ஒரு காதின் உட்செவியில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. களைத்தவை ஓய்வில் தேறும், செத்தவை செத்ததுதான். கோழிக் குஞ்சுக்கு அவை மறுபடி முளைப்பதை 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நமக்கு முளைக்காது. அமெரிக்க ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் 2009-இல் எலிகளிடம் கண்டது இன்னும் மோசம். கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும், அந்தச் செல்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகள் சில பகுதிகளில் பாதிவரை அழிந்துபோயிருந்தன.

முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். கேட்புச் சோதனைத் தாளில் கோடு ஒழுங்காக வந்து, அங்கே குழியாக இறங்கி, 8,000-இல் கொஞ்சம் ஏறும். அந்தக் குழியைப் பார்த்தால் முதலில் வேலையைப் பற்றித்தான் விசாரிப்பேன். என்ஜினின் தடதடப்பு தாழ்ந்த ஒலி, அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மங்குவது ‘ச’, ‘ட’ போன்ற மெய்களின் கூர்மை. சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூரில் இதற்கு நல்ல சாக்கு ஒன்று உண்டு: “அவங்க கன்னடம் ரொம்ப வேகம் சார்.” வீட்டில் மனைவி சொல்வதும் விளங்கவில்லையே, அது எந்த மொழி?

இந்தியத் தொழிற்சாலை விதி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 85-தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 94 என்றால் 1 மணி நேரம்தான். கேபின் இல்லாத வண்டியில் ஓட்டுநர் காதருகே 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஓடும் வண்டியைச் சீசனில் எவர் நிறுத்துவார்?

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். காதில் பஞ்சு வைத்தால் போதுமா? போதாது, அது தடுப்பது சொற்பம். தேங்காய் எண்ணெய்? உட்செவிக்குப் போய்ச் சேராது, நடுச்செவிக்குப் போனாலே செவிப்பறையில் ஓட்டை என்று அர்த்தம். ப்ளூடூத்தில் பாட்டு? என்ஜினை மிஞ்ச வால்யூமை ஏற்றுகிறீர்கள், காதுக்கு அடி இரட்டிப்பு. காதை மூடினால் ஆள் கூப்பிடுவது கேட்காதாம். மூடாமலே கைச்சாடையில்தானே இப்போது பேசிக்கொள்கிறீர்கள்?

சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் நிற்பவருக்கு விதிப்படி காதுக் காப்பு உண்டு, ஆண்டுதோறும் கேட்புச் சோதனை உண்டு. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு அங்கே அறிவிக்க வேண்டிய தொழில்நோய். அவர் தம்பி ஊரில் கதிரடிக்கும் மிஷினோரம் நின்றால் கேட்க நாதியில்லை. அறுவடை இயந்திரம் வாங்க வேளாண் பொறியியல் துறை வழியாக 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் தருகிறார்கள். சில நூறு ரூபாய் இயர் மஃப் ஒன்றை அந்த மானியத்தோடு கட்டாயமாக்க என்ன தடை? ஓட்டை சைலன்சரோடு வரும் வண்டியை வாடகைக்கு எடுக்க மாட்டேன் என்று விவசாயியும் சொல்லலாம். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

சோதனைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வயலிலிருந்து நேராக வராதீர்கள். 14 மணி நேரமாவது இரைச்சல் படாமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை வண்டி ஏறும் முன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள்.