படம் எடுத்தது யார், பணம் போனது எதற்கு?

கேள்வி: சிங்கப்பெருமாள் கோவிலில் டிசைனிங், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒரகடம் கம்பெனிகளுக்கு கேட்லாக், பாதுகாப்பு வார போஸ்டர், டீ-ஷர்ட் செய்து தருகிறோம். வெளிநாட்டு ஸ்டாக் இமேஜ் தளம் ஒன்றில் மாதச் சந்தா கட்டுகிறேன். கடையில் நான்கு பேருக்கும் ஒரே லாகின். இந்த மாதம் சந்தாவுக்கு மேல் லைசென்ஸ் கட்டணம் என்று கார்டில் பணம் பிடித்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் "நான் வாங்கலை" என்கிறார்கள். பேங்கில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எடுத்தது உங்கள் ஆளாகவே இருந்து, நீங்கள் பேங்கில் தகராறு எழுப்பினால், தளம் கணக்கை முடக்கி லைசென்ஸையும் ரத்து செய்யலாம். அச்சாகிப் போன போஸ்டர் உரிமம் இல்லாததாகிவிடும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு நீங்களும் உங்கள் கஸ்டமரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

முதலில் தளத்தின் லைசென்ஸ் ஹிஸ்டரியைத் திறந்து, தேதியையும் பட எண்ணையும் உங்கள் ஆர்டர் நோட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. கூடுதல் உரிமம்: அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களின் சாதாரண லைசென்ஸில் 5 லட்சம் பிரதிவரை அச்சடிக்கலாம். கேட்லாக், போஸ்டருக்கு அது தாராளம். விற்பனைக்குப் போகும் டீ-ஷர்ட்டில் படமே பிரதானம் என்றால் விலை கூடிய லைசென்ஸ் வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் டீ-ஷர்ட்டுக்குத் தளத்துக்குத் தளம் விதி வேறு.

2. சந்தாவில் அடங்காதவை: மாத அளவு தீர்ந்தபின் எடுத்த படங்கள், வீடியோ, பிரீமியம் படங்கள்.

3. வரியும் கார்டு கட்டணமும்: 18% ஐஜிஎஸ்டி, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எண்ணைத் தளத்தின் கணக்கில் சேர்த்துவிடுங்கள்; வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, தகுதி இருந்தால் கிரெடிட் எடுக்கலாம்.

தவறுதலாக வாங்கி, எங்கும் பயன்படுத்தாத படம் என்றால் பட எண்ணோடு தளத்துக்கு எழுதி ரீஃபண்ட் கேளுங்கள். எந்த ஆர்டரோடும் ஒட்டாத கட்டணம் என்றால் வெளியாள் புகுந்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றி, அன்றே பேங்கில் சொல்லுங்கள். தவறு உங்களுடையதும் பேங்கினுடையதும் இல்லாதபோது, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

இன்னொன்று. தனிநபர் சந்தாவை நான்கு பேர் பயன்படுத்துவது பொதுவாகத் தளத்தின் நிபந்தனைக்கே விரோதம். உங்கள் புகாரே அதைக் காட்டிக்கொடுக்கும். டீம் பிளானுக்கு மாறி, ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். டிசைனர்கள் வாட்டர்மார்க் படத்தை வைத்தே லேஅவுட் போடட்டும். கஸ்டமர் ஓகே சொன்னபின் ஒருவர் மட்டும் லைசென்ஸ் எடுத்து, பட எண்ணை ஆர்டர் நோட்டில் எழுதட்டும். பேங்க் ஆப்பில் கார்டின் வெளிநாட்டுச் செலவு வரம்பைச் சந்தாத் தொகையை ஒட்டி வையுங்கள். டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால் லைசென்ஸ் விலையைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். அது கஸ்டமர் கட்ட வேண்டிய செலவு.