கைங்கர்யத்தில் பட்ட காயமும் அதற்குரிய ஏடும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ப்ரஹ்மோத்ஸவ நாட்களில் எம்பெருமானை ஸேவிப்போர் பல்லாயிரவர். அவனை எழுந்தருளப் பண்ணுவோரோ சில நூற்றுவரே. ஸ்ரீபாதம் தாங்குவோர், திருத்தேர் வடம் பிடிப்போர், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோர், தீவட்டி ஏந்துவோர், திருமடைப்பள்ளியில் உதவுவோர், வரிசையை ஒழுங்கு செய்யும் இளைஞர் ஆகியோருள் பெரும்பாலோர் கூலி கருதாது வந்தவர்கள். அவர்களுள் ஒருவருக்கு ஊறு நேரின் செய்யத்தக்கது யாது, அதனை எழுதிவைக்கும் முறை யாது என்பதைப் பாகவதர்களுக்கு விண்ணப்பிப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

உத்ஸவ காலத்தில் இப்பேச்சு அமங்கலம் அன்றோ என்பர் சிலர். அன்று. திருவீதிப் புறப்பாட்டில் பிம்பம் சரிந்தாலும், தேரின் உறுப்பு முறிந்தாலும் இன்ன ப்ராயச்சித்தம் என்று ஆகமங்கள் விதிக்கின்றன. நேர்ந்த குறை இன்னது என்று தெரிந்தாலன்றிச் செய்யவேண்டிய சாந்தி இன்னது என்று கூற இயலாது. ஆகவே குறையை உள்ளபடி சொல்லுதலே ப்ராயச்சித்தத்தின் முதற்படி. மரத்தாலான தேருக்கு இவ்வளவு கருதும் நாம், அதனை இழுத்த பாகவதனின் கைக்குக் கருதாதிருத்தல் தகுமோ? பகவத் கைங்கர்யத்தினும் பாகவத கைங்கர்யம் ஏற்றமுடையது என்பதன்றோ நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழி?

நம் முன்னோர் துன்பத்தை மறைத்தவர்களும் அல்லர். உடையவர் பொருட்டுக் கூரத்தாழ்வான் தம் திருக்கண்களை இழந்த வரலாற்றைக் குருபரம்பரை யார், எங்கு, எதன்பொருட்டு என்று விவரமாகவே உரைக்கிறது. காஞ்சீபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழரின் கல்வெட்டு ஒன்று உளது. அங்கு நடைபெற்ற ஆதுலர் சாலைக்குக் கட்டில் 15, மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், பணிப்பெண்டிர் இருவர் என்று எண்ணி, அவரவர்க்குரிய ஊதியத்தையும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளையும் அது பெயர் பெயராகக் கூறுகிறது. கோயிற் பணியாளரும் பாடசாலை மாணாக்கரும் நோயுற்றால் கவனிக்கும் பொறுப்பை இவ்வாறு கல்லிலேயே வெட்டிய மரபு நம்முடையது.

முதலில் செய்யத்தக்கன

ஒருவர் விழுந்தார் என்ற குரல் எழுந்தவுடன் தேர் நிற்க வேண்டும். வடத்தின் முன்னே இருப்பவருக்குப் பின்னே நடப்பது தெரியாது. ஆகவே நிறுத்தும் அடையாளம் இன்னதென்று புறப்பாட்டிற்கு முன்பே எல்லோருக்கும் உணர்த்துக. தலை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பற்றித் தூக்கலாகாது; வேறு ஆபத்து இல்லையேல் அசைக்காது காத்து, ஊர்திக்குச் சொல்லி அனுப்புக. தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வூர்தியின் எண் 108. திவ்யதேசங்களின் எண்ணிக்கையே அதுவாதலின் மறத்தற்கு இடமில்லை.

குருதி பெருகினால் தூய துணியை வைத்து விடாது அழுத்துக. தீவட்டி எண்ணெயோ மடைப்பள்ளிக் கஞ்சியோ பட்டுச் சுட்டால், மோதிரம், காப்பு முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுக. மஞ்சள், மாவு, மை ஆகியவற்றைத் தடவலாகாது. மின்சாரம் தாக்கியவரை, மின்னோட்டத்தை நிறுத்துமுன் தொடலாகாது. வெயிலில் மயங்கினவரை நிழலிற் சேர்த்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுக. நினைவற்றவர் வாயில் தீர்த்தமும் வார்க்கலாகாது.

எழுதும் முறை

கூலி பெறுவோருக்குச் சம்பளப் பட்டியல் உண்டு. தொண்டு செய்ய வந்தவருக்கோ அன்று அவர் தேரடியில் இருந்தார் என்பதற்கே சான்று இராது. அடியேன் அறிந்த ஓர் ஊரில், தேரோட்டத்தில் கால்விரல் நசுங்கிய இளைஞர் ஒருவர், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வீடு சென்றார். புண் புரையோடி இரு திங்களில் விரலை எடுக்க நேர்ந்தது. அவருடைய தகப்பனார் உதவி கோரி வந்தபோது, எவ்வீதியில், எந்நேரத்தில், யார் கண்டது என்ற வினாக்களுக்கு விடை கூற ஓர் ஏடும் இல்லை. இழந்தது விரல் ஒன்று. கொடுத்த சொல்லை நம்புவாரின்றி அக்குடும்பம் திரும்பியது அதனினும் பெரிய இழப்பு.

ஆதலின் ஒவ்வோர் உத்ஸவத்திற்கும் பக்க எண் இட்ட ஏடு ஒன்று வேண்டும். கொடியேற்றத்திற்கு முன்பே தொண்டர் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், உறவினர் முகவரி, ஏற்ற பணி ஆகியவற்றை அதில் எழுதிக்கொள்க. காயம் நேர்ந்தால் அன்றே, திருக்காப்பிடுமுன் எழுதி முடிக்க வேண்டும். மறுநாள் நினைவு வேறு, அன்றைய நினைவு வேறு.

“தேரில் சிறு காயம், பெருமாள் கிருபையால் நலம்” என்று எழுதுவது பதிவாகாது. “காலை 9.40 மணி. தெற்கு வீதித் திருப்பம். இடப்புற முன்சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுகையில் கட்டை நழுவி, வலக்கை நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கின. துணியால் அழுத்திக் கட்டி 9.55-க்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தமையனாருக்குச் சொல்லப்பட்டது. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது” என்பதே பதிவு. கண்டதை எழுதுக, குற்றம் யாருடையது என்ற ஊகத்தை எழுதற்க. கண்டவர் இருவர் கையொப்பமும், காயமுற்றவர் இயன்றவரை தம் வாயாற் சொன்னதும் இடம்பெற வேண்டும். பிழை நேர்ந்தால் ஒரு கோடிட்டு அருகில் ஒப்பமிடுக, அழிக்கலாகாது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் நகலைப் பெற்று உடன் வைத்து, அவர் குடும்பத்தாருக்கும் ஒரு படி தருக. ஒருவர் உடம்பின் செய்தியாதலின் அவ்வேட்டைப் பலரும் புரட்டிப் பார்க்க விடலாகாது.

காயம் படாது தப்பிய நிகழ்ச்சியையும் எழுதுக. கட்டை நழுவி எவர் கையும் நசுங்காத நாளிலும் சிந்திய எண்ணெய் அங்கேதான் கிடந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேரின் உச்சி மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். கம்பி எவ்வளவு உயரம், தேர் எவ்வளவு உயரம் என்பது ஒவ்வோர் ஊர் ஏட்டிலும் புறப்பாட்டிற்கு முன்பே இருக்க வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

அடுத்த ஆண்டு உத்ஸவத்திற்கு ஆயத்தம் செய்யக் கூடும்போது இவ்வேட்டைப் படித்து, இன்ன குறைக்கு இன்ன மாற்றம் செய்தோம் என்று எதிரே எழுதுக. மாற்றம் எழுதப்படாத பக்கம் ப்ராயச்சித்தம் முடியாத பக்கமாகும். காயமுற்றவர் நடக்க இயலாதிருந்தால் தீர்த்தப் பிரசாதமும் மாலையும் அவர் இல்லத்திற்கே செல்லட்டும்.

ஸேவிக்க வந்திருக்கும் பாகவதர்களே! உங்கள் அருகில் ஒருவர் அடிபடக் கண்டால், அவருக்கு உதவியபின் விலகிச் சென்றுவிடாதீர்கள். கண்டதைச் சொல்லி, உங்கள் பெயரையும் ஊரையும் சாட்சியாகத் தந்து செல்லுங்கள். அந்த ஒரு வரியும் எம்பெருமான் உகக்கும் கைங்கர்யமே.

அடியேன் ராமாநுஜ தாஸன்.