ஒரு கையால் டைப் அடிக்க அக்கா சொல்லும் டிப்ஸ்

வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்கும், சின்ன வயதிலிருந்தே ஒரு கையால்தான் எல்லா வேலையும் என்றிருக்கும் தங்கச்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தாதே. எனக்கு மணிக்கட்டு முறிந்தபோது மூன்று வாரம் அப்படித்தான் குத்தினேன். தோள்பட்டை வலிதான் மிச்சம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருந்தால் முதல் பாடம் மறந்திருக்காது. இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், கண்ணாடியில் தெரிவதுபோல நேருக்கு நேர் நிற்கும். இந்தக் கையில் எஃப் அடிக்கும் ஆள்காட்டி விரல்தான் அந்தக் கையில் ஜே அடிக்கிறது. கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த எட்கர் மத்தியாஸ் இதை வைத்துத்தான் பாதி கீபோர்டைச் செய்தார். ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு எஃப் அடித்தால் ஜே விழும். அதேபோல டி அடித்தால் கே, எஸ் அடித்தால் எல், ஈ அடித்தால் ஐ. ஸ்பேஸை மட்டும் தட்டினால் வழக்கமான இடைவெளி.

இரு கையாலும் டைப் தெரிந்த 10 பேரை வைத்துச் செய்த சோதனை 1993-இல் வெளியானது. ஏறக்குறைய 8 மணி நேரப் பயிற்சியில் அவர்கள் தங்கள் பழைய வேகத்தில் பாதியை எட்டினார்கள். தினம் கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதக் கணக்குதான். டைப்பே தெரியாதவளுக்குக் கூடுதலாக நாளாகும், அதற்காக மனம் விடாதே.

தனிக் கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டால் வீட்டிலிருக்கும் கீபோர்டே இப்படி வேலை செய்யும். வலது கைதான் உனக்கு என்றால் அதையே திருப்பி அமைத்துக்கொள்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் தப்பு ஒன்று உண்டு. ஸ்பேஸை அவசரமாக விட்டுவிடுவோம், கே வர வேண்டிய இடத்தில் டி வந்து நிற்கும். முதலில் கட்டைவிரல், பிறகு எழுத்து, கடைசியில்தான் கட்டைவிரலை எடுப்பது. இந்த வரிசை கைக்குப் பழகும்வரை வேகத்தை நினைக்கவே நினைக்காதே.

ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையை எட்டுவது ஒரு கைக்குச் சிரமம். விண்டோஸில் ஷிப்ட்டை 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்கும், சரி என்று கொடு. அதன்பின் ஷிப்ட்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்த எழுத்து பெரிய எழுத்தாக விழும். தமிழை ஒலிப்பு முறையில் அடிக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ள, ண, ற மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும்.

கை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சமைப்பதும் தலை வாருவதும் பை தூக்குவதும் அந்த ஒரு கைதான். கீபோர்டை உன் நடு நெஞ்சுக்கு நேரே வைக்காமல், அடிக்கும் தோளுக்கு நேரே வை. மணிக்கட்டு மடங்கக் கூடாது. கால் மணி நேரம் ஆனதும் நிறுத்து. வலித்தால் அன்றைக்கு விட்டுவிடு, மறுநாளும் வலித்தால் டாக்டரிடம் காட்டு.

முதல் வாரம் நடு வரிசையைத் தாண்டாதே. "கடல்", "கால்" எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். முதல் சொல்லாக "அக்கா" என்று அடி. ஏ, ஸ்பேஸோடு டி இரண்டு முறை, மறுபடி ஏ இரண்டு முறை. இன்றைக்குப் பத்துத் தடவை அடித்துப் பார் கண்ணு.