உயிர் காக்கும் கல்வி

கல்லூரி விளையாட்டு வெளியில் ஓட்டப்பந்தயம் நடைபெறுகின்றது. எல்லைக் கோட்டை நெருங்கிய இளைஞன் ஒருவன் திடீரெனச் சாய்கின்றான். நொடிப்பொழுதில் நூறு பேர் சூழ்ந்துகொள்கின்றனர். ஒருவர் முகத்தில் நீர் தெளிக்கின்றார். மற்றொருவர் அவன் வாயில் சோடாவை ஊற்ற முனைகின்றார். ‘காற்று வரட்டும், விலகுங்கள்’ என்று கூவுபவரும் தாம் விலகுவதில்லை. அன்பில்லாதவர் அங்கு எவரும் இலர். செய்யத்தக்கது இன்னது என்று அறிந்தவரே இலர்.

இதயம் நின்றால் மூளைக்குச் செல்லும் குருதியோட்டமும் நின்றுவிடுகின்றது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் மூளை பழுதுறத் தொடங்குகின்றது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம். ஆயினும், எத்துணை விரைந்து வரினும், அந்த நான்கு நிமிடங்களுக்குள் அது வந்து சேரும் என்று உறுதி கூற இயலாது. அவ்விடைவெளியில் உயிரைத் தாங்கவேண்டியவர் அருகில் நிற்பவரே ஆவர்.

பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. இங்கிலாந்தில் உல்விச் என்னும் இடத்தில் 1878ஆம் ஆண்டில் பீட்டர் செப்பர்டு என்னும் படை மருத்துவர் அத்தகைய வகுப்பை நடத்தினார். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் இசண்டில்வானாப் போர்க்களத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய வகுப்பு மறையவில்லை.

நின்ற இதயத்தை மீண்டும் இயக்க, மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைவதே முன்பு மருத்துவர் வழக்கமாயிருந்தது. மார்பைத் திறவாமலே, வெறுங் கைகளால் அழுத்திக் குருதியை ஓடச் செய்யலாம் என்று 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆய்வாளர் மூவர் வெளியிட்டனர். அம்மூவருள் ஒருவரான கூவன்கோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். கத்தி வேண்டாத முறையாதலின், அது மாணவர் கைக்கும் எட்டுவதாயிற்று.

ஆனால், பழகுவது எங்ஙனம்? நலமாயிருப்பவர் மார்பை அழுத்திப் பழகுதல் தீங்காகும். அக்குறையை நார்வே நாட்டுப் பொம்மை வினைஞர் ஆசுமண்டு லேர்டால் தீர்த்தார். அதே 1960ஆம் ஆண்டில் அவர் ஆளளவுப் பொம்மை ஒன்றை உருவாக்கினார். பாரிசில் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயரறியா இளம்பெண்ணின் முகவார்ப்பே அப்பொம்மைக்கு முகமாயிற்று.

அத்தகைய பொம்மையைச் சுற்றியே கல்லூரிப் பயிற்சி நடைபெறும். மாணவன் முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்கவேண்டும். மின்கம்பி கிடக்குமிடத்தில் ஓடிச்சென்று தொடுபவன் இரண்டாவது நோயாளியாவான். பின்பு தோளைத் தட்டி அழைக்கவேண்டும். விடையும் இயல்பான மூச்சும் இல்லையெனின், ‘யாராவது ஆம்புலன்சை அழையுங்கள்’ என்று கூறுதல் போதாது. யாராவது என்பவர் எவரும் அல்லர். ‘நீலச் சட்டை அணிந்த அண்ணா, நீங்கள் 108ஐ அழையுங்கள்’ என ஒருவரைச் சுட்டிக் கூறவேண்டும். அடுத்து, மார்பின் நடுவில் ஒரு கைமேல் மறுகை வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து செண்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் அழுத்தவேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழ விடவேண்டும். பயின்றோர் 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை இருமுறை மூச்சூதுவர். பயிலாதோர் அழுத்தத்தை மட்டுமேனும் விடாது செய்தல் நன்று.

புதியவர் பெரும்பாலும் மென்மையாகவே அழுத்துவர். எலும்பு முறியுமோ என்னும் அச்சமே காரணம். முறியவும் கூடும், முறிந்த எலும்பு கூடும், நின்ற உயிர் மீளாது. இரண்டு நிமிடத்தில் வலிய இளைஞனும் வியர்த்துவிடுவான். ஆதலின் ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்தப் பழக்குகின்றனர்.

கற்பதினும் மறக்கவேண்டியவை சில. வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். வலிப்புப் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும்; சாவி பெயர் வாங்கிக்கொள்ளும்! வாயில் எதையும் வையாது, தலை மோதாமல் காத்து, வலிப்பு நின்றபின் ஒருக்களித்துப் படுக்கவைத்தலே முறை. ஐந்து நிமிடத்தைக் கடந்தும் நில்லாவிடில் ஆம்புலன்சை அழைக்கவேண்டும். பாம்பு தீண்டிய இடத்தைக் கீறுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீங்கே. தீப்புண்ணுக்கு மையும் மாவும் வேண்டா. ஓடும் குளிர்நீர் இருபது நிமிடம் வேண்டும்.

வகுப்பில் மாணவர் தயங்கிக் கேட்கும் வினா மற்றொன்று உண்டு. சாலை விபத்தில் உதவினால் வழக்கில் சிக்குவோமா என்பதே அது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவரை, தம் பெயரைக் கூறுமாறு கட்டாயப்படுத்தல் ஆகாது.

ஒருமுறை கற்ற கை சில திங்களில் மறந்துவிடுகின்றது. ஆகவே, சான்றிதழ் பெற்ற மாணவரும் மீண்டும் அப்பொம்மையின் அருகில் மண்டியிட்டு, முதல் அழுத்தத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றனர்.