பழைய ஜிப்சியும் ஒரு கிழிந்த பாயும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் தம் மகனுக்காகப் பழைய மாருதி ஜிப்சி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். "எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடுது சார், முடிச்சுடலாமா?" என்று கேட்டார். "வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தீர்களா?" என்றேன். சிரித்தார். 2021-இல் நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்த அனுபவத்தையே பாடமாக எழுதுகிறேன்.

ரயில்வேயில் கேரேஜ், வேகன் பிரிவில் 38 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பணத்தில், ஜபல்பூரிலிருந்து மண்ட்லா போகும் சாலையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வாங்கினேன். கரிசல் மண். மழைக்காலத்தில் சாதாரணக் கார் அங்கே அச்சு வரை இறங்கிவிடும். அதனால் 1999-ஆம் வருடத்து ஜிப்சி கிங் ஒன்றை 2,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் வகை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தேன். 12 கிலோவுக்குக் குறையவில்லை, ஒன்றுக்கொன்று ஒரு கிலோ வித்தியாசம்கூட இல்லை. பரம திருப்தி. அன்று வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்று வெள்ளை வேட்டியில் போயிருந்தேன். வேட்டி அழுக்காகுமே என்று அடியில் படுக்கவில்லை. ஒரு வேகனை அப்படிப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் என் மேலதிகாரி எனக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பார்.

மறு வாரம் மனைவியையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு மண்ட்லா போய் நர்மதையில் குளித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது பின்கதவுக் கொண்டி சரியாக விழவில்லை. காலையில் விழுந்தது. ஏதோ வளைகிறது என்று மனம் சொல்லிற்று. கிழிந்த பாய் ஒன்றை விரித்து அடியில் படுத்தேன். "ஏங்க, ரயிலுக்கு அடியில் படுத்தது போதாதா?" என்றாள் மனைவி.

சேஸிஸ் முழுக்கப் புதிதாகத் தார் பூசியிருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். இடது பின்சக்கரத்துக் கமானியின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் 'டப்' என்று செத்த ஒலி. கம்பி பிரஷ் போட்டுத் தாரைச் சுரண்டினால், நெடுஞ்சட்டத்தின் பாதி உயரத்துக்கு மேல் விரிசல்! அதன்மேல் யாரோ ஒரு தகட்டை வைத்துப் பெயருக்கு வெல்டிங் அடித்து, தார் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த முனை கழன்றால் பின் அச்சே ஒரு பக்கம் திரும்பிவிடும். பேரன் அந்தச் சக்கரத்துக்கு மேல்தான் உட்கார்ந்து வந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. விற்றவருக்கு விஷயம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ். ஜிப்சிக்கு ஏணி போன்ற தனிச்சட்டம். முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டைக் கமானி. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ் நம்பர் பொறித்த சட்டம்தான் சட்டப்படி வண்டி. புதுத் தார் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கமானி மாட்டும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் இடம், பாடி உட்காரும் ரப்பர்களைச் சுற்றிய தகடு ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். பணிமனையில் நாங்கள் செய்தது அதுதான்.

பழுது பார்க்கும் முறையும் இருக்கிறது. விரிசலின் நுனியில் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்குக்குப் பிறகும் அது மேலே ஓடும். பிறகு விரிசலை 'வி' வடிவில் அரைத்து, வெல்டிங்கால் நிரப்பி, மேலே சாய்சதுரத் தகடு வைக்க வேண்டும். சதுரத் தகடு வைத்து நேர்குத்தாக வெல்டிங் அடித்தால், அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே வரும். இதற்கெல்லாம் முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். பாட்டரி இணைப்பையும் எடுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது.

அடுத்தது நான்கு சக்கர இயக்கம். வாங்கும்போது இதை ஓட்டிப் பார்ப்பவர் குறைவு. சின்ன லீவரை 4எச்-இல் போட்டால் மட்டும் போதாது. முன்சக்கர ஹப் இரண்டையும் இறங்கிப் பூட்ட வேண்டும். மண் தரையில் 4எச், 4எல் இரண்டிலும் ஓட்டுங்கள். 4எல்-இல் இறக்கத்தில் லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே தேய்மானம். காய்ந்த தார்ச்சாலையில் இதைச் சோதிக்காதீர்கள். திருப்பத்தில் முன் அச்சு அதிகத் தூரம் போகிறது, பின் அச்சு குறைவாகப் போகிறது. நடுவில் ஈடுகட்ட டிஃபரன்ஷியல் கிடையாது. டயர் சறுக்க முடியாவிட்டால் பற்சக்கரங்கள் முறுக்கேறி நிற்கும், லீவர் அசையாது. நேராகச் சற்றுப் பின்னால் எடுத்தால் முறுக்கு விடும். அதே காரணத்தால்தான் நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ரயில் பெட்டியில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு அரை மில்லிமீட்டர்தான் அனுமதி. ஜிப்சி அவ்வளவு கறாரானதல்ல, என்றாலும் புது டயர் இரண்டு, மொட்டை டயர் இரண்டு என்று போடாதீர்கள்.

ஆயில் நான்கு இடத்தில் தனித்தனி: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். நான்கையும் இறக்கிப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் வண்டி ஆற்றில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். முன்சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் வழிவதும், ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் உதறுவதும் கிங்பின் பேரிங்கின் வேலை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவர் சொன்னாலும், நீங்கள் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

காகிதங்களில் 29, 30 படிவங்கள், வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்று. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். டீசல் எஞ்சின் பொருத்திய ஜிப்சி மலிவாக வரும், தொடாதீர்கள். தயாரித்தவரின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

எனக்குப் பழுதுச் செலவு 86,000 ரூபாய். கமானி வேலையில் தேர்ந்த இங்குள்ள வயதான மிஸ்திரி ஒருவர் என் சாய்சதுரத் தகட்டைப் பார்த்துவிட்டு, தாமும் இனி அப்படியே வெட்டப்போவதாகச் சொன்னார். 2024-இல் பதிவைப் புதுப்பித்தேன். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பேரன் மறுபடி மண்ட்லா போகலாம் என்று கேட்ட பிறகும், ஆறு மாதம் தனியாகவே ஓட்டி, ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்த பிறகே அவனை ஏற்றினேன்.

ஜிப்சி பார்த்து வைத்திருக்கும் அன்பர் அடுத்த ஞாயிறு காலை வண்டியோடு வரட்டும். சுத்தியல் என்னிடம் இருக்கிறது, பாயும் இருக்கிறது. வெள்ளை வேட்டியில் மட்டும் வர வேண்டாம்.